கடலூர் டூ சிதம்பரம்: உப்புக்காற்று ஊரில் ஒரு பழைய கார் தேடி...

மஞ்சக்குப்பத்தில் கிளம்பி கெடிலம் பாலம் தாண்டினால் திருப்பாதிரிப்புலியூர். அங்கிருந்து முதுநகர், சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம்... அடுத்தது சிதம்பரம். மொத்தம் சுமார் 45 கிலோமீட்டர். கடல் இடதுபக்கம்தான் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காற்றில் கூடவே வரும். வெளியே நிறுத்திய வண்டியை ஒரு வாரம் துடைக்காமல் விட்டுப் பாருங்கள். கண்ணாடியில் விரல் வைத்தால் பிசுபிசுக்கும்.

இது மாணவர்களின் சாலையும்கூட. ஒரு முனையில் 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். மறுமுனையில், கடலை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி. சிதம்பரத்தை நெருங்கும்போது சி.முட்லூர் அரசு கலைக் கல்லூரி. காலை ஏழு மணிக்கு மேல் எந்த பஸ்ஸில் ஏறினாலும் புத்தகப் பைகள்தான் முதலில் இடிக்கும்.

என் அக்கா மகளும் அந்த பஸ் கூட்டத்தில் ஒருத்தி. அண்ணாமலை நகரில் படிக்கிறாள். அக்காவுக்கு வாரத்தில் இரண்டு நாள் அங்கேயே ஆஸ்பத்திரி. முட்டிவலியோடு பஸ் படி ஏறி, சில நாள் நின்றுகொண்டே போய்வருவதைப் பார்த்துத்தான், ‘சின்னதா ஒரு கார் வாங்கிட்டா நானே அம்மாவ கூட்டிட்டுப் போயிடுவேன் சித்தி’ என்றாள். சீட்டு எடுத்த பணமும் நகைக்கடனும் சேர்த்து நான்கு லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது. தவறான வண்டி அமைந்தால் பணமும் போகும், ஆஸ்பத்திரி நாளும் தவறும். அதனால் அவசரப்படாமல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இந்தச் சாலையில் வண்டி பார்த்தோம். கல்லூரிப் பிள்ளைக்குப் பழைய கார் தேடும் வீடுகளுக்கு உதவட்டும் என்று, பார்த்ததையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெட்ரோல் கணக்கு

கார் வாங்குகிற விலை ஒரு தடவை. பெட்ரோல் தினமும். கடலூரிலிருந்து சிதம்பரம் போய்வர 90 கிலோமீட்டர். மாதத்தில் 22 நாள் கல்லூரி என்றால் 1,980 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 110 லிட்டர் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே மாதம் 11,000 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் பல வீடுகளில் கார் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்பதும் நல்லதுதான். தினமும் ஒரே ஆள் போய்வருவதற்கு பஸ்ஸையும் ரயிலையும் எந்தக் காரும் ஜெயிக்க முடியாது.

அக்கா வீட்டில் முடிவு இப்படி ஆனது: ஆஸ்பத்திரி நாள் இரண்டுக்கு மட்டும் கார், மற்ற நாள் பஸ். மாதம் 720 கிலோமீட்டர், 40 லிட்டர், சுமார் 4,000 ரூபாய். எதற்காகக் கார், வாரத்தில் எத்தனை நாள் என்று முதலில் முடிவு செய்துவிட்டால், எந்தக் கார் என்ற கேள்வி தானாகச் சின்னதாகிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கையில் நான்கு லட்சம் இருந்தால் மூன்றரைக்கு மேல் வண்டி பார்க்காதீர்கள். டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், முதல் சர்வீஸ் எல்லாம் வாங்கிய இரண்டு மாதத்துக்குள் வரிசையாக வந்து நிற்கும். அதற்குத்தான் மீதி ஐம்பதாயிரம்.

முதுநகரில் கேட்ட பாடம்

முதுநகரில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பல வருடமாகத் தொழில். முதல் ஞாயிறு அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனோம். பளபளவென்று ஒரு சிவப்புக் கார். நாங்கள் சீட்டையும் ஸ்டீரியோவையும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் தரையில் துண்டு விரித்துப் படுத்துவிட்டார்.

“மேல பாக்காதீங்கக்கா, கீழ பாருங்க. மேல பெயின்ட் அடிச்சு மாத்திடலாம். கீழ உப்பு தின்னது தின்னதுதான்.”

கடலோரத்தில் ஓடிய வண்டிக்குத் துரு முதலில் பிடிப்பது கண்ணில் படாத இடங்களில். கதவின் அடிவிளிம்பு, சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, கதவுக்குக் கீழே நீளவாக்கில் போகும் தகடு, சைலன்சர் குழாய், பிரேக் ஆயில் போகும் மெல்லிய குழாய். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்து அவை மூடியிருந்தால் தண்ணீர் உள்ளேயே தங்கி, தகடு உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிறதா என்று பாருங்கள்.

ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். இரும்புத் தகட்டில் ஒட்டும், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ‘எப்போ அடிச்சது, எதுக்கு அடிச்சது?’ என்று கேளுங்கள். துருவைச் சுத்தம் செய்துவிட்டு அடித்தால் அது பாதுகாப்பு. துருவின் மேலேயே அடித்தால் அது போர்வை.

அந்தச் சிவப்புக் காரை அண்ணன் பத்து நிமிஷத்தில் வேண்டாம் என்றுவிட்டார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்: ஒரே வருடத்து, ஒரே மாடல் வண்டி இரண்டு கிடைத்தால், நெய்வேலி, பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் ஓடியதை முதலில் பார்க்கலாம். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்கள். தூசி இருக்கும், உப்பு குறைவு. தூசியைத் துடைத்துவிடலாம்.

தண்ணீர் பார்த்த வண்டியா?

கடலூரை ‘வடிகால் மாவட்டம்’ என்று சும்மா சொல்வதில்லை. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம். மேலே எங்கே மழை கொட்டினாலும் கடைசியில் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். 2015 நவம்பர், டிசம்பரில் பெருமழை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம். வீடுகளோடு வாசலில் நின்ற வண்டிகளும் தண்ணீரில் நின்றன.

அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கிப் பழுதான காரின் உரிமைப் பத்திரத்திலேயே அதைக் குறித்துவிடும் வழக்கம் பல மாநிலங்களில் உண்டு. நம் ஆர்.சி.யில் அப்படி எதுவும் எழுதுவதில்லை. நாம்தான் துப்பறிய வேண்டும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். யாரும் அந்த முனையைத் துவைப்பதில்லை. சேற்றுக்கறை கோடு போட்டிருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அதன் அடியில் பாருங்கள். சீட் ஓடும் தண்டவாளத்தின் திருகுகளில் துரு இருக்கிறதா? கால்மிதிக்குக் கீழே கையை விட்டால் ஈரமா? ஹெட்லைட்டுக்குள் நீராவி படிந்திருக்கிறதா? வண்டிக்குள் வாசனை திரவியம் தூக்கலாக அடித்தால், அது எதை மறைக்கிறது என்று யோசியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இன்சூரன்ஸ் தாளைப் படிப்பது. முழு இன்சூரன்ஸ் எடுத்தவர் ஒரு வருடம் எந்த க்ளெய்மும் கேட்காமல் இருந்தால் அடுத்த வருடம் 20 சதவீதம் தள்ளுபடி. பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். ‘நோ க்ளெய்ம் போனஸ்’ என்ற இடத்தில் அது அச்சாகியிருக்கும். ஐந்தாறு வருடமாக ஒரே ஓனர் என்று சொல்கிறார்கள், ஆனால் 2025 பாலிசியில் அந்த இடத்தில் பூஜ்யம் என்றால், அதற்கு முந்தைய வருடம் ஏதோ நடந்திருக்கிறது. சின்ன இடிப்பாகவும் இருக்கலாம், வெள்ளமாகவும் இருக்கலாம். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் போட்ட வண்டியில் இந்தத் துப்பு கிடைக்காது. அப்போது காந்தமும் சீட் பெல்ட்டும்தான் துணை.

வடக்கேயும் புதுச்சேரி, தெற்கேயும் புதுச்சேரி

இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கடலூர் வண்டி டிஎன் 31, சிதம்பரம் வண்டி டிஎன் 91. ஆனால் சாலையில் கொஞ்ச நேரம் நின்றால் பிஒய் 01, பிஒய் 02 எண்களும் வந்துகொண்டே இருக்கும். வடக்கே புதுச்சேரி, தெற்கே காரைக்கால். நாம் நடுவில் இருக்கிறோம். பிஒய் வண்டி பெரும்பாலும் சில ஆயிரங்கள் குறைவாகச் சொல்லப்படும். ‘பத்து கிலோமீட்டர்தான் மேடம், யார் கேக்கப் போறா?’ என்பார்கள்.

கேட்பார்கள். வேறு மாநில, யூனியன் பிரதேச வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்திய எண்ணுக்கு மாற்ற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கவேண்டும், இங்கே வரி கட்டவேண்டும். பிஒய் வண்டி வாங்கவே கூடாது என்பதில்லை. வரி எவ்வளவு வரும் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். கழித்த பிறகும் லாபம் என்றால் வாங்கலாம். என்.ஓ.சி.யை விற்பவரே எடுத்துத் தந்த பிறகுதான் முழுப் பணம்.

எந்த ஊர் வண்டியாக இருந்தாலும் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் முடியும் நாள், கடன் குறிப்பு எல்லாம் தெரியும். கடன் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது. வங்கியின் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். கட்டாத அபராதம் இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

“டாக்டர் வண்டி மேடம்!”

சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி இருப்பதால் இங்கே விற்பனைக்கு வரும் கார்களில் பாதி ‘டாக்டர் வண்டி’. நெய்வேலிப் பக்கம் போனால் ‘டவுன்ஷிப் ஆபீசர் வண்டி’. எல்லாமே ஒரே ஓனர், எல்லாமே லேடீஸ் ஓட்டினது, எல்லாமே ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் போனது! கேட்டுச் சிரித்துவிட்டு, தாள்களைக் கேளுங்கள்.

ஓடிய தூரத்தை மீட்டரில் மட்டும் நம்ப வேண்டாம். சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேட்டுப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் 70,000 என்று இருந்த வண்டி இன்று 48,000 காட்டினால் விடை கிடைத்துவிட்டது. கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தாலும் குறைந்த ஓட்டம் என்ற பேச்சை நம்ப முடியாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3519 என்றால் 2019-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும். ஆறு வருடம் தாண்டிய டயர் என்றால் நான்கு டயர் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

பாலம் ஏறும்போது தெரியும்

நம் பாதையில் மேடு என்று ஒன்று இருந்தால் அது பாலம்தான். அதனால் ஓட்டிப் பார்க்கும்போது தெருவை ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்திவிடாதீர்கள். ஒரு பாலமாவது ஏறி இறங்குங்கள்.

வண்டி குளிர்ந்திருக்கும்போது போவது முக்கியம். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். வேறொரு நாள் வருகிறோம் என்று சொல்லுங்கள். காலை முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. சமதளத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது பிரேக் பிடித்தால் ஒருபக்கம் இழுக்கக் கூடாது. ஏ.சி.யைப் போட்டு ஊர் நெரிசலில் பதினைந்து நிமிஷம் நகர்ந்து பாருங்கள். திருப்பாதிரிப்புலியூர் கடைவீதியும் சிதம்பரம் தேரோடும் வீதிகளும் அதற்கென்றே அமைந்தவை. வெப்பமுள் ஏறாமல் இருந்தால் கூலிங் சிஸ்டம் சரி.

இதெல்லாம் முடிந்த பிறகு நாங்கள் செய்த சோதனை எந்த மெக்கானிக்கும் சொல்லாதது: அக்காவை ஏறி இறங்கச் சொன்னோம். தாழ்வான சீட் உள்ள இரண்டு நல்ல கார்கள் அங்கேயே தோற்றன. “உக்காந்தா எழுந்திரிக்க முடியலடி” என்றாள். யாருக்காகக் காரோ, அவர் உட்கார்ந்து எழுந்து பார்த்த பிறகுதான் விலை பேசவேண்டும்.

எந்த வருடம், எந்த வண்டி?

மாணவர் ஓட்டப்போகிறார் என்றால் நான் தயாரிப்பு மாதத்தைத்தான் முதலில் பார்ப்பேன். 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக் எல்லாக் கார்களிலும் கட்டாயம். 2019 ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக், ரிவர்ஸ் சென்சார், வேக எச்சரிக்கை ஒலி கட்டாயம். முன்சீட்டின் இரண்டு பக்கமும் ஏர்பேக் என்பது 2022 தொடக்கத்திலிருந்து. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். 2019 ஜூலைக்குப் பிறகு என்றால் நிம்மதி. அதற்கு முந்தைய அடிப்படை மாடல்கள் பலவற்றில் ஒரு ஏர்பேக்கும் இருக்காது. 2014-ல் குளோபல் என்கேப் சோதித்த ஏர்பேக் இல்லாத இந்தியச் சிறிய கார்கள் ஐந்தும் பூஜ்யம் நட்சத்திரம் வாங்கியதை மறக்க வேண்டாம். இருபதாயிரம் மிச்சம் பிடிக்க இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

மாடல் என்று பார்த்தால், நம் ஊர் மெக்கானிக்குக் கைவந்ததும் உதிரிபாகம் உள்ளூரிலேயே கிடைப்பதுமான வண்டிதான் நம்பகமான வண்டி. ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10, டியாகோ போன்றவை அந்த வகையில் வரும். இந்தியாவில் விற்பனையை நிறுத்திய கம்பெனிகளின் கார்கள் விலை இறங்கிக் கிடைக்கும். செவர்லே 2017-ல் நிறுத்தியது, ஃபோர்டு 2021-ல் உற்பத்தி நிறுத்தம் அறிவித்தது, டாட்சன் 2022-ல் போனது. வண்டி மோசம் என்பதல்ல. உதிரிபாகம் எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்று விசாரித்த பிறகு முடிவெடுங்கள். வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி போகவேண்டிய வண்டி, ஒரு பாகத்துக்காகப் பத்து நாள் பட்டறையில் நிற்கக் கூடாது.

விலை பேசும் முன் அதே மாடலின் இன்றைய புது விலையையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய காரின் விலையை, அதற்கு முந்தைய புது விலையோடு ஒப்பிட்டு ‘பாதி விலை மேடம்’ என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

பெயர் மாறும் வரை

கடைசியில் எங்களுக்கு அமைந்தது நெய்வேலியில் ஓடிய வேகன்ஆர், பெட்ரோல். 2019 செப்டம்பர் தயாரிப்பு. நிறம் யாருக்கும் பிடிக்கவில்லை. பின்கதவில் ஒரு சொட்டை. ஆனால் அடிப்பாகம் சுத்தம், சர்வீஸ் விவரம் முழுக்க இருந்தது, இன்சூரன்ஸில் 50 சதவீதம் போனஸ். மெக்கானிக் அண்ணன் படுத்து எழுந்து, “சொட்டைய அப்படியே விடுங்க. பாப்பா ஓட்டிப் பழகட்டும், அப்புறம் மொத்தமா டிங்கரிங் பாத்துக்கலாம்” என்றார்.

பணம் கைமாறியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஒரே மாநிலம் என்றால் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கும் 14 நாள்தான். பழைய ஓனரின் போனஸ் அவரோடு போய்விடும். அதனால் பிரீமியம் கூடலாம். மூன்றாம் நபர் பிரீமியம் 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய் என்று 2022-ல் மத்திய அரசு நிர்ணயித்தது, வரி தனி.

விற்கிறவருக்கும் இதில் அவசரம் இருக்கவேண்டும். வண்டி கைமாறிவிட்டாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ‘ஆறு மாசம் என் பேர்லயே ஓடட்டும், பரவாயில்ல’ என்று பெருந்தன்மை காட்டுபவரிடம் இதைச் சொல்லுங்கள். அன்றே கையெழுத்துப் போடுவார்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து போகிறாள். ஊர் திரும்பியதும் அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு தடவை, பத்து நிமிஷம். உப்புக்காற்று ஊரில் காரின் ஆயுள் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் இருக்கிறது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் மேடான இடம் ஒன்றையும் பார்த்து வைத்துவிட்டார்கள். ரேடியோவில் புயல் சின்னம் என்று கேட்டதும் கார் அங்கே போய்விடும்.